ஐஸ் கட்டிக்கு வாடை எங்கிருந்து ஏறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். இந்த மாதம் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: வீட்டில் உறைய வைக்கும் ஐஸ் கட்டி. ஒருவருக்கு எழுதும் விடை அடுத்தவருக்கும் உதவும் என்பதால், அவற்றில் ஆறினை மட்டும் தேர்ந்து இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கதவு ஃபிரிட்ஜ். சென்ற வாரம் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது எலுமிச்சம்பழம் பிழிந்து, ஐஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்த சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நானும் குடித்துப் பார்த்தேன். வெங்காயமும் மாவுப் புளிப்பும் கலந்த வாடை. கேன் தண்ணீரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ஃப்ரீசரில் ஐஸைத் தவிர வேறு எதையும் நான் வைப்பதே இல்லை. பிறகு எப்படி அம்மா வாடை ஏறுகிறது?
– அம்மாப்பேட்டை வாசகி

ஃப்ரீசரில் ஐஸைத் தவிர எதுவும் இல்லை என்பது சரிதான். ஆனால் பனி படியாத வகையைச் சேர்ந்த இரண்டு கதவுப் பெட்டிகளில், மேலறையும் கீழறையும் பெரும்பாலும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. குளிரை உண்டாக்கும் சுருள் ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு சிறு மின்விசிறி, அந்தச் சுருளைத் தொட்டுவரும் காற்றை ஃப்ரீசருக்குள்ளும், ஒரு வழியாகக் கீழறைக்குள்ளும் தள்ளுகிறது. கீழறையைச் சுற்றிவந்த காற்று மறுபடியும் அதே சுருளுக்குத் திரும்பி, மீண்டும் ஃப்ரீசருக்குள் நுழைகிறது. ஆகவே கீழ்த்தட்டில் மூடாமல் வைத்த பாதி வெங்காயமும், தூக்கில் புளித்துப் பொங்கும் இட்லி மாவும் விடுகிற வாடை, இரவும் பகலும் உங்கள் ஐஸ் தட்டின்மேல் வீசிக்கொண்டே இருக்கிறது. அறைக்கு ஒன்றாக இரண்டு தனிச் சுருள்கள் வைத்த பெட்டிகளில் இந்தக் கலப்பு மிகக் குறைவு. பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியில் விசிறி கிடையாது. ஆனாலும் உள்ளே இருக்கும் ஃப்ரீசரின் சிறு கதவு இறுக மூடுவதில்லை என்பதால், அங்கும் வாடை ஏறும், சற்று மெதுவாக.

வாடை எந்த வேளையில் ஏறுகிறது என்பதை அறிந்துகொண்டால், எங்கே தடுப்பது என்பது தெளிவாகிவிடும். தண்ணீர் உறையும்போது ஓர் ஒழுங்கான படிகமாக அடுக்கிக்கொள்கிறது. அந்த அடுக்குக்குள் அயல் பொருளுக்கு இடம் மிகக் குறைவு. எனவே உறைந்து முடிந்த கட்டியின் உட்பகுதிக்குள் வெளிவாடை எளிதில் புகுவதில்லை. ஆனால் கட்டியின் மேற்பரப்பில், உறைநிலைக்குக் கீழேயும்கூட, திரவத்தை ஒத்த மிக மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. இரண்டு ஐஸ் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்வதைக் கவனித்த மைக்கேல் ஃபாரடே, அப்படி ஒரு நீர்ப்படலம் இருக்க வேண்டும் என்று 1850-ஆம் ஆண்டிலேயே கூறினார். வெங்காயமும் பூண்டும் விடும் கந்தகச் சேர்மங்கள், மீன் கவிச்சிக்குக் காரணமான அமின்கள், பழுத்த பழத்தின் மணப்பொருள்கள் ஆகியவை அந்தப் படலத்தில் வந்து தங்குகின்றன. கட்டியின்மேல் பூத்துக் கிடக்கும் வெண்பனித் தூள் இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளும். தூளாக இருப்பதால் காற்றுப் படும் பரப்பு அதற்கு மிக அதிகம்.

இதிலிருந்து இன்றைக்கே பயன்படுத்தக்கூடிய ஒரு வழி கிடைக்கிறது. வாடை மேலோடு நிற்கிற கட்டியாக இருந்தால், அதை வடிகட்டியில் போட்டு, குடிக்கும் தண்ணீரை ஒரு முறை மேலே ஊற்றி, குலுக்கி வடித்துவிட்டுப் பானத்தில் போடுங்கள். மேற்பரப்பு கரைந்து ஓடும்போது வாடையில் பெரும்பகுதியும் அதனோடு போய்விடும். விருந்தினர் கூடத்தில் காத்திருக்கும்போது செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

ஆனால் தட்டில் ஊற்றிய தண்ணீர் உறைவதற்குச் சில மணி நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுவதும் அது திறந்து கிடக்கும் தண்ணீர்தான். அப்போது அதில் கரைந்த வாடையில் ஒரு பங்கு கட்டிக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். பிறகு எத்தனை முறை அலசினாலும் போகாது. ஆகவே தட்டுக்கு மூடி வேண்டும். அதுவும் தண்ணீர் ஊற்றிய அந்த நிமிடத்திலிருந்தே வேண்டும். மூடியுள்ள தட்டு கிடைக்காவிட்டால் தட்டோடு ஒரு பெரிய எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து மூடலாம். தட்டை விளிம்புவரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. நிரம்பிய தட்டில் அது வழிந்து ஒரே ஏடாக உறைந்து மூடியைத் தூக்கிவிடும்.

நீங்கள் கேன் தண்ணீரை மாற்றிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்கிறார்கள். செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே தண்ணீரை எடுத்து, ஒரு பங்கை இறுக மூடும் சிறு எவர்சில்வர் டப்பாவில் முக்கால் பாகமும், மற்றொரு பங்கை வழக்கமான தட்டில் திறந்தபடியும் உறைய வையுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டையும் தனித்தனி டம்ளரில் போட்டு, முழுவதும் கரைந்து அறை வெப்பத்துக்கு வந்தபின் முகர்ந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது வாடை வெளிவராது. ஆகவே பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். டப்பாத் தண்ணீர் சுத்தமாகவும் தட்டுத் தண்ணீர் வாடையோடும் இருந்தால், குற்றம் காற்றினுடையது. இரண்டிலுமே வாடை இருந்தால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். என் வீட்டில் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்தபோது, மூன்று நாள் திறந்திருந்த தட்டில் கருவாட்டு வாடை அடித்தது. காய்கறிப் பெட்டிக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கருவாட்டுப் பொட்டலம் மறந்து கிடந்தது. அன்றிலிருந்து கருவாடும் பெருங்காயமும் திருகுமூடி போட்ட கண்ணாடிப் புட்டிக்குள்தான் இருக்கின்றன.

உறைந்த கட்டிகளைத் தட்டிலேயே விட்டுவைப்பது நம் வீடுகளின் பொது வழக்கம். அதை மாற்றிக்கொள்வது நல்லது. இரவு ஊற்றி, காலையில் கட்டிகளைத் தட்டி எடுத்து, இறுக மூடும் உலர்ந்த டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். டப்பாவைக் கால் மணி நேரம் முன்னதாகவே ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிட்டால், கட்டிகளின் அடிப்பக்கம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது குறையும். எவர்சில்வரும் கண்ணாடியும் வாடையை வாங்குவதில்லை, விடுவதுமில்லை. மெல்லிய பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவைப்பதில் அவ்வளவாகப் பயனில்லை. தண்ணீர் கசியாத அந்தப் பை, மணப்பொருள்களைக் கசியவிடும். பை வேண்டுமானால் ஃப்ரீசருக்கென்றே விற்கும் தடித்த, இழுத்து மூடும் பையை வாங்குங்கள். மூடிய டப்பாவில் இருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. திறந்த தட்டில் ஒரு வாரமே அதிகம். கட்டியைக் கையால் அள்ளாமல் அதற்கென்று ஓர் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாவு கரைத்த கையும் மீன் கழுவிய கையும் டப்பாவுக்குள் போகும் வீட்டில் மூடி என்ன செய்யும்?

இனிப் பெட்டியைக் கழுவும் வேலை. ஏற்கெனவே சுவர்களில் ஏறிவிட்ட வாடை, புது ஐஸுக்கும் ஏறும். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பழைய ஐஸ் முழுவதையும் செடிக்குக் கொட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, துணியால் உட்சுவர், தட்டுகள், கதவின் உட்பக்கம் ஆகியவற்றைத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, உலரவிட வேண்டும். மணமுள்ள சோப்பு வேண்டாம். வெங்காய வாடைக்குப் பதிலாகச் சோப்பு வாடை ஏறும். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையின் மடிப்புக்குள் மாவும் சாம்பாரும் வழிந்து கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கும். அதைப் பழைய பல்துலக்கியால் மடிப்பு மடிப்பாகத் தேயுங்கள். பின்பக்கம், கம்ப்ரசருக்கு மேலே, உருகிய தண்ணீர் வந்து சேரும் ஒரு சிறு தட்டு இருக்கிறது. ஃபிரிட்ஜ் வாங்கிய நாள்முதல் அதைக் கழுவாத வீடுகளே மிகுதி. அது கழன்று வரும் வகையாக இருந்தால் கழுவிவிடுங்கள். வராவிட்டால் பழுது பார்க்க வருபவரிடம் சொல்லிச் சுத்தம் செய்யுங்கள்.

அதன்பின் ஒரு சிறு கிண்ணத்தில் ஆப்ப சோடாவை உள்ளே திறந்து வைப்பது நல்லது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். ஆனால் அதன்மேல் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். புளிப்பு வாடையை அது ஓரளவு குறைக்கும். வெங்காயத்தை மூடாமல் வைத்துவிட்டு ஆப்ப சோடாவைக் கிண்ணம் கிண்ணமாக வைத்தாலும் பயன் மிகச் சொற்பமே. மாவுத் தூக்கை மூடுவதும், நறுக்கிய வெங்காயத்தை டப்பாவில் அடைப்பதுமே முதல் மருந்து.

நான் வீட்டில் பூக் கட்டித் தருகிறேன். மல்லிகைப் பூவை வாழை இலையில் சுற்றி ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். ஐஸ் தண்ணீரில் மல்லி வாசம் வருகிறது என்று பிள்ளைகள் குடிக்க மறுக்கிறார்கள். இது உடம்புக்குக் கெடுதலா?
– குகை வாசகி

காற்றின் வழியாக ஐஸில் ஏறும் மல்லிகை மணத்தின் அளவு மிகச் சிறியது. அதனால் கெடுதல் இல்லை. பூவின் மணத்தில் லினலூல், பென்சைல் அசிடேட் போன்ற இனிய பொருள்களோடு, இண்டோல் என்னும் கனத்த மணமும் சிறிதளவு உண்டு. தலையில் சூடும்போது நாம் விரும்பும் மணமே, தண்ணீரில் வரும்போது குமட்டலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவர்களுடைய மூக்கு சரியாகத்தான் சொல்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறு ஒன்று. கடைக்கு வரும் பூ, உண்பதற்காக வளர்க்கப்பட்டதன்று. அதில் பூச்சிமருந்து தெளித்திருக்கலாம். பூப்பொதியிலிருந்து சொட்டும் தண்ணீர், கீழே இருக்கும் உணவிலோ தண்ணீர்ப் பாத்திரத்திலோ விழக் கூடாது. ஆகவே இலைப்பொதியை அப்படியே வைக்காமல், அடியில் உலர்ந்த பருத்தித் துணி விரித்த மூடி போட்ட டப்பாவில், கீழ்த்தட்டில் வையுங்கள். துணி ஈரத்தை வாங்கிக்கொள்வதால் பூவும் அழுகாது. ஐஸையும் மூடிய டப்பாவுக்கு மாற்றிவிட்டால், இரண்டு மூடிகளைத் தாண்டி மணம் போவது அரிது.

இதே விதி சித்திரை, வைகாசியில் நம் ஊர் வீடுகளை நிறைக்கும் மல்கோவாவுக்கும் சேலம் குண்டுக்கும் பொருந்தும். பழம் வெளியிலேயே பழுக்கட்டும். நறுக்கிய துண்டுகளை மட்டும் மூடி உள்ளே வையுங்கள். பலாச்சுளையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் போர் தண்ணீரில்தான் ஐஸ் போடுகிறோம். கட்டியின் நடுவில் வெள்ளையாக இருக்கிறது. கரைந்தபின் டம்ளரின் அடியில் வெண்பொடி தங்குகிறது. ஃப்ரீசரில் கிருமி செத்துவிடும், காய்ச்ச வேண்டியதில்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சரியா?
– சூரமங்கலம் வாசகி

உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்: ஃப்ரீசரில் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. மைனஸ் 18 டிகிரியில் அவற்றின் பெருக்கம் நிற்கிறது. ஒரு பகுதி இறக்கவும் செய்யும். எஞ்சியவை கட்டி கரைந்ததும் மறுபடி உயிர்ப்புடன் இருக்கும். டைபாய்டு பாக்டீரியாவும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் உறைநிலையைத் தாங்கக்கூடியவை. எந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கத் தயங்குவோமோ, அந்தத் தண்ணீரில் ஐஸ் போடக் கூடாது. கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் இதில் சிறிதும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்திலேயே ஆறவைத்து, பிறகு தட்டில் ஊற்றுங்கள்.

வெண்பொடி பற்றி அஞ்ச வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடினமானது. வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மாக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே குன்று குன்றாகக் கிடக்கிறது. பாறை இடுக்குகளில் ஓடிவரும் நீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டே வருகிறது. அந்த நீரை உறைய வைத்தால், குளிர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உள்ளே நகரும்போது, உறையும் பகுதி தாதுக்களையும் கரைந்திருந்த காற்றையும் நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. கடைசியாக உறையும் நடுப்பகுதியில் காற்றுக் குமிழிகள் அடைபட்டு வெண்மையாகத் தெரிகின்றன. தாதுக்கள் செறிந்து, கார்பனேட்டாகப் பிரிந்து படிகின்றன. கட்டி கரைந்தாலும் அந்தத் துகள் உடனே மறுபடி கரைவதில்லை. டம்ளரின் அடியில் நீங்கள் பார்ப்பது அதுதான். உங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்சுவரில் ஏடாகப் படிவதும் அதுவே.

காய்ச்சுவதால் இதிலும் ஓரளவு பயன் உண்டு. பைகார்பனேட்டாக இருக்கும் கடினத்தன்மை கொதிக்கும்போது கார்பனேட்டாகப் படிந்துவிடும். ஆறியபின் அடிவண்டலைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் மெல்லிய துணியில் வடித்து எடுத்தால், பொடி குறையும். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது கொதித்தாலும் போகாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதை விரும்புகிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கிறது. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்து எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது. அதுவரை, மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் வீட்டுக்கு வருகிற நாளில், ஐஸுக்கும் குடிப்பதற்கும் அதை ஒதுக்கி, போர் தண்ணீரைத் துவைக்கவும் துலக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

காவிரித் தண்ணீரில் ஐஸ் போட்டால் மருந்து வாடை வருகிறது என்று வேறு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அது குளோரின். குழாய் முனைவரை கிருமி சேராமல் காப்பதற்காகவே அது சிறிதளவு மிச்சம் இருக்கும்படி கலக்கப்படுகிறது. எனவே அது இருப்பது நன்மைதான். காய்ச்சும்போது குளோரின் வெளியேறிவிடும். காய்ச்சி ஆறிய தண்ணீரில் அந்தக் காவல் இல்லை என்பதால், அதை இரண்டு நாள் குடத்தில் கிடத்திவிட்டுப் பிறகு ஐஸ் போடாமல், ஆறிய அன்றே தட்டில் ஊற்றிவிடுங்கள். சுத்திகரிப்பு இயந்திரத்தின் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் தொட்டியையும் குழாய் முனையையும் கழுவாமல் விட்டால் உள்ளே வழுவழுப்புப் படியும். அந்தப் பாசி மணம் ஐஸில் தெளிவாகத் தெரியும்.

சேலத்தில் வேலை, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வீடு. மாதத்துக்கு ஒருமுறை போகிறோம். ஐஸ் தட்டை நிரப்பி வைத்துவிட்டு வந்தால், அடுத்த முறை கட்டிகள் தேய்ந்து சிறுத்தோ, ஒரே பாளமாகவோ கிடக்கின்றன. மக்கிய வாடையும் வருகிறது. அங்கே மின்வெட்டும் உண்டு. இன்னொன்று: மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே, கிருமி சாகுமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

கட்டி தேய்வதும் பாளமாவதும் வேறு வேறு காரணங்களால் நிகழ்பவை. திறந்த தட்டில் கற்பூரம் கரைவதைப் பார்த்திருப்பீர்கள், உருகாமலே ஆவியாகிறது. ஐஸும் ஃப்ரீசரின் வறண்ட காற்றில் அப்படித்தான், தண்ணீராகாமலே மெல்ல மெல்ல ஆவியாகிறது. அந்த ஆவி சுருளில் போய்ப் பனியாகப் படிகிறது. ஒரு மாதத்தில் கட்டியின் மூலைகள் மழுங்கி, உருவம் சிறுத்துவிடும். அதே ஒரு மாதமும் அது வாடையையும் வாங்கிக்கொண்டே இருந்திருக்கும். மூடிய டப்பாவில் இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும்.

பாளமாக இருந்தால், நீங்கள் இல்லாத நாளில் மின்சாரம் நீண்ட நேரம் நின்று, கட்டிகள் இளகி, மறுபடி உறைந்திருக்கின்றன என்று பொருள். ஐஸைவிட, அதனோடு ஃப்ரீசரில் இருந்த உணவைப் பற்றித்தான் அப்போது யோசிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு டம்ளரில் தண்ணீரை முக்கால் பாகம் உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை நாணயம் மேலேயே இருந்தால், மின்வெட்டு நேர்ந்திருந்தாலும் சிறிது நேரமே. நடுவில் புதைந்திருந்தால் பாதியளவு இளகியிருக்கிறது. அடியில் கிடந்தால், ஃப்ரீசரில் இருந்த உணவு எதையும் உண்ணாமல் எறிந்துவிடுங்கள். நாணயம் நடுவில் நின்றாலும் இறைச்சி, மீன் விஷயத்தில் நான் அதையே செய்வேன்.

மாதம் ஒருமுறை மட்டும் போகும் வீட்டில் ஐஸை இருப்பு வைக்கவே வேண்டாம் என்பது என் யோசனை. கிளம்பும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உள்ளே துடைத்து உலர்த்தி, மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு கதவுகளுக்கும் இடையில் மடித்த துணியைச் செருகித் திறந்தபடியே விட்டு வாருங்கள். ஏற்காட்டின் மூடுபனியும் மழையும் வீட்டுக்குள்ளேயே ஈரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். நிறுத்திய பெட்டியை மூடி வைத்தால் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்து, நீங்கள் சொல்லும் மக்கிய வாடை சுவரிலேயே ஊறிவிடும். அடுத்த முறை போனதும் பெட்டியை ஓடவிட்டு, மாலையில் தண்ணீர் ஊற்றினால், மறுநாள் காலையில் புது ஐஸ் இருக்கும். முதல் நாளுக்கு வேண்டியதைச் சேலத்திலிருந்தே வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் கொண்டு போகலாம். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபின்னும் கட்டிகள் அப்படியே இருக்கும்.

கொதிநிலை பற்றிய உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறைவதால், அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதிக்கிறது. பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். ஆனால் நோய்க்கிருமிகள் 70 டிகிரிக்கு மேலேயே விரைவாக மடிந்துவிடுகின்றன. எனவே 95 டிகிரியில் ஒரு நிமிடக் கொதி போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களுக்குத்தான் மூன்று நிமிடம் சொல்கிறார்கள்.

வண்ண வண்ண சிலிக்கான் தட்டு வாங்கினேன். கட்டி எளிதாக வருகிறது. ஆனால் நாளடைவில் தட்டுக்கே ஒரு வாடை வந்துவிட்டது. தேய்த்துக் கழுவினாலும் போகவில்லை.
– ஃபேர்லண்ட்ஸ் வாசகி

சிலிக்கான் ரப்பர் எண்ணெய்ப்பசையையும் மணப்பொருள்களையும் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. மேலே தேய்ப்பதால் உள்ளே போனது வெளியே வராது, சூடு வேண்டும். தட்டின் விவரச் சீட்டில் சூடு தாங்கும் அளவைப் பார்த்து, இடம் கொடுத்தால் கொதிக்கும் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுங்கள். பிறகு ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி இரவு முழுவதும் விட்டு, கழுவி, நல்ல வெயிலில் ஒரு நாள் காயவையுங்கள். சேலத்து வெயில் இந்த ஒரு வேலைக்காவது பயன்படட்டும். அதற்கும் மசியாவிட்டால் தட்டை மாற்றிவிடுவதே நல்லது. கடினப் பிளாஸ்டிக் தட்டு இதைவிடக் குறைவாகவே வாடை பிடிக்கும். எவர்சில்வர் தட்டு பிடிக்கவே பிடிக்காது. புதுத் தட்டு எதுவானாலும் முதல் இரண்டு முறை உறைந்ததைக் கொட்டிவிட்டு, மூன்றாவதிலிருந்து பயன்படுத்துங்கள்.

ஏற்காடு ஏரிக்கரையில் எலுமிச்சை சர்பத், நன்னாரி சர்பத் விற்கிறோம். கோடை விழா நாட்களில் பார் ஐஸ் வாங்கி உடைத்துப் போடுகிறோம். சாக்கு வாடை வருகிறது என்று வருபவர்கள் சொல்கிறார்கள். பெரிய ஹோட்டல்களில் இருப்பது போலக் கண்ணாடி போன்ற ஐஸை வீட்டிலேயே செய்ய முடியுமா?
– ஏற்காடு வாசகர்

வருபவர்கள் சொன்னதைக் காதில் வாங்கி, அதை எழுதிக் கேட்டதற்கு முதலில் என் பாராட்டு. சாக்கு வாடை மட்டுமே சிக்கல் என்றால், பாரை உடைப்பதற்கு முன் குடிநீர் ஊற்றி நாலாபுறமும் அலசினாலே பெரிதும் போய்விடும். ஆனால் பார் ஐஸ் எந்தத் தண்ணீரில் போட்டது என்பதுதான் பெரிய கேள்வி. மீனையும் பாலையும் குளிர வைப்பதற்காகப் போடும் ஐஸ், குடிப்பதற்கு உரியதன்று. அத்தகைய ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. நீலச் சாயல் தெரிந்தால் சர்பத்துக்கு வாங்காதீர்கள். வெள்ளையாக இருப்பதாலேயே நல்லது என்றும் முடிவு செய்யாதீர்கள். குடிநீரில் போட்ட ஐஸ் என்று விற்பவர் உறுதி சொல்லி, ரசீதும் தரும் இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

கண்ணாடி ஐஸை வீட்டிலேயே செய்யலாம். முன்பு சொன்னது போல, குளிர் எல்லாப் பக்கமும் இருந்து நுழைவதால்தான் காற்றும் தாதுவும் நடுவில் சிக்குகின்றன. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் உறையவைத்தால் அவை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். ஃப்ரீசரில் நுழையும் அளவுள்ள, சுவர் தடித்த சிறிய ஐஸ் பெட்டி ஒன்றை எடுத்து நன்கு கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரை முக்கால் பாகம் ஊற்றி, மூடியில்லாமல் வையுங்கள். பெட்டியின் சுவரும் அடியும் குளிரைத் தடுப்பதால், மேலிருந்து கீழாக மட்டும் உறைந்துகொண்டு வரும். ஏறத்தாழ ஒரு நாளில் மேற்பகுதி கெட்டியாகி, அடியில் சிறிது தண்ணீர் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் கவிழ்த்து எடுத்தால் கலங்கல் முழுவதும் தண்ணீரோடு போய்விடும். மேலே நிற்பது தெளிந்த பாளம்.

மூடியில்லாமல் ஒரு நாள் முழுவதும் இருப்பதால், இந்த முறைக்கு வாடையில்லாத ஃப்ரீசர் அவசியம். சர்பத் கடைக்கென்று தனி ஃப்ரீசர் இருந்தால் அதில் வேறு எதையும் வைக்காதீர்கள். எடுத்த பாளத்தை உடனே உடைத்தால் தாறுமாறாக வெடிக்கும். பத்து நிமிடம் வெளியே விட்டு, மேற்பரப்பில் பூத்த வெண்மை மறைந்து ஈரம் மினுங்கத் தொடங்கியபின், பல் வைத்த கத்தியை ஒரு கோடாக வைத்து, அதன் முதுகில் மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள், கோட்டோடு பிளக்கும். துண்டுகளை அலசி, குளிர வைத்த டப்பாவில் அடுக்கி மூடி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஏரிக்கரைக்கு எடுத்துப் போங்கள்.